ஸ்லோடைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லோடைவ் யார்? எங்கே ஆரம்பித்தார்கள்?

இங்கிலாந்து ராக் இசைக்குழு, லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங் நகரத்துக்காரர்கள். நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் சிறுவயதிலிருந்தே நண்பர்கள். இருவரும் சேர்ந்து 1989-ல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். இருவருமே பாடுவார்கள், இருவருமே கிதார் வாசிப்பார்கள். பேஸ் கிதாருக்கு நிக் சாப்ளின் வந்தார். மூன்றாவது கிதாருக்கு ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். பதில் எழுதிய கிறிஸ்டியன் சாவில், தேவைப்பட்டால் பெண் உடை போட்டுக்கொண்டு வாசிக்கவும் தயார் என்றார். அவரையே சேர்த்துக்கொண்டார்கள்.

டிரம்ஸ் மட்டும்தான் ஆரம்பத்தில் நிலைகொள்ளவில்லை. முதலில் ஏட்ரியன் செல், பிறகு நீல் கார்ட்டர், 1991-ல் சைமன் ஸ்காட். இன்று மேடையில் நிற்பது ஹால்ஸ்டெட், காஸ்வெல், சாப்ளின், சாவில், ஸ்காட் ஆகிய ஐந்து பேர்தான்.

ஆலன் மெக்கீ நடத்திய கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் இவர்களை ஒப்பந்தம் செய்தபோது இவர்களுக்கு ஏறத்தாழ 19 வயது. 1990 நவம்பரில் வந்த முதல் இபியை (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. அடுத்த ஆண்டு 'மார்னிங்ரைஸ்', 'ஹோல்டிங் அவர் பிரெத்' என்று மேலும் இரண்டு இபிகள் வந்தன. கீழே வரும் கதையைப் படிக்கும்போது இந்த முதல் வரவேற்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எந்த வகை இசை?

ஷூகேஸ், அதாவது காலணியைப் பார்ப்பது, என்று சொல்வார்கள். காலடியில் வரிசையாக இருக்கும், கிதார் ஒலியை மாற்றும் பெடல்களைப் பார்த்தபடியே வாசித்ததால் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. அடர்ந்த கிதார், நீண்ட ரிவெர்ப் (பெரிய கூடத்தில் ஒலி எதிரொலித்து மெல்ல அடங்குவது போன்ற விளைவு), அதற்குள் பாதி மூழ்கிய குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். மை பிளடி வாலன்டைன், ரைடு, லஷ், சாப்டர்ஹவுஸ் எல்லாம் அதே காலத்துக் குழுக்கள்.

இவர்களில் ஸ்லோடைவ் தனித்து நிற்பதற்குக் காரணம் வேகமும் இடைவெளியும். மை பிளடி வாலன்டைன் கேட்பவரை ஒலியால் அழுத்தும். ஸ்லோடைவ் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) அடித்துவிட்டு, அது தேய்ந்து அடங்கும் வரை காத்திருக்கும். இவர்கள் பாட்டில் இருக்கும் சோகத்தில் பாதி அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

புதிதாகக் கேட்க வருகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

1993-ல் வந்த 'சூவ்லாக்கி'. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம். 'ஆலிசன்', 'வென் த சன் ஹிட்ஸ்', 'டேகர்' மூன்றையும் முதலில் கேளுங்கள். பிடித்திருந்தால் முழுவதையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஆல்பத்தின் கடைசியில் 'டேகர்' வந்து நிற்கும் இடம் தற்செயலாக அமைந்தது இல்லை.

அதன் பிறகு 2017-ல் குழுவின் பெயரிலேயே வந்த 'ஸ்லோடைவ்'. மூன்றாவதாக முதல் ஆல்பமான 'ஜஸ்ட் ஃபார் எ டே' (1991). 'பிக்மேலியன்' (1995) கடைசிக்கு இருக்கட்டும். அது மோசமான ஆல்பம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை, எங்கள் கணக்கில் அவர்கள் செய்ததிலேயே துணிச்சலானது அதுதான். ஆனால் முதல் பாட்டு 'ருட்டி' பத்து நிமிடம் ஓடும், அதில் நடப்பது மிகக் கொஞ்சம். காது பழகியிருந்தால்தான் அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரிது என்று பிடிபடும்.

கேட்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3-ல் முதலில் அடிபடுவது ரிவெர்ப்பின் வால். தேய்ந்து மறைய வேண்டிய ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழறும். மற்ற இசையில் இது பெரிதாகத் தெரியாது, இங்கே பாட்டே அந்த வாலில்தான் இருக்கிறது. குறைந்தது 256 கேபிபிஎஸ் அல்லது இழப்பில்லாத கோப்பு, கூடவே ஒயர் உள்ள சாதாரண ஹெட்போன் இருந்தால் போதும்.

பத்திரிகைகள் ஏன் இவர்கள் மேல் அப்படிப் பாய்ந்தன?

1991 செப்டம்பரில் 'ஜஸ்ட் ஃபார் எ டே' வந்து பிரிட்டிஷ் ஆல்ப விற்பனைப் பட்டியலில் 32-ஆம் இடம் பிடித்தது. ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டனில் இருக்கும் கோர்ட்யார்டு ஸ்டூடியோவில், கிறிஸ் ஹஃபோர்டுடன் பதிவு செய்தது அது. (ஹஃபோர்டு பின்னாளில் ரேடியோஹெட்டின் மேலாளர் ஆனார்.) பாட்டுகள் தயாராக இருப்பதாக மெக்கீயிடம் சொல்லிவிட்டு, ஸ்டூடியோவுக்குள் போன பிறகுதான் பலவற்றை எழுதினார்கள். பத்திரிகைகளின் வரவேற்பு திரும்ப ஆரம்பித்ததும் அந்த ஆல்பத்தோடுதான்.

அதே மாதம் அமெரிக்கக் குழு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. சில மாதங்களில் லண்டன் வாராந்தரிகளின் கவனம் முழுக்க கிரஞ்ச் என்ற அமெரிக்க முரட்டு ராக் பக்கம் போய்விட்டது. தெற்கு இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போய்ப் பாராட்டிக்கொள்பவர்கள் என்ற முத்திரையை மெலடி மேக்கர் என்ற இசை வாராந்தரி ஏற்கெனவே இந்தக் கூட்டத்தின் மேல் குத்தியிருந்தது. 'சூவ்லாக்கி'யைத் திரும்பக் கேட்பதைவிட, தொட்டி நிறையக் கஞ்சியில் மூச்சுமுட்டிச் சாகலாம் என்ற பொருளில் அதே பத்திரிகை விமர்சனம் எழுதியது. மானிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ் ஹிட்லரைவிட ஸ்லோடைவை அதிகம் வெறுப்பதாகவே சொன்னார்.

ஆல்பத்தை இப்போது கேட்டால் இந்தக் கோபத்துக்கு இசைக்குள் காரணம் எதுவும் கிடைக்காது. வாரம் ஒரு புதிய கூட்டத்தைத் தூக்கி, அடுத்த வாரம் இறக்கி விற்பனை பார்த்த பத்திரிகைச் சூழல்தான் காரணம். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் இருபது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்த இந்த ஐந்து பேர்.

'சூவ்லாக்கி' எப்படி உருவானது? பிரையன் ஈனோவின் பங்கு என்ன?

1992-ல் இரண்டாவது ஆல்பத்துக்காக நாற்பது பாட்டுப் போல எழுதிச் சேர்த்தார்கள். மெக்கீ கேட்டுவிட்டு ஒன்றும் தேறாது என்று ஒதுக்கினார். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மின்னணு இசைக்குப் பெயர்போன ஈனோவைத் தயாரிப்பாளராக அழைத்து எழுதினார்கள். தயாரிக்க மறுத்த அவர், இரண்டொரு நாள் சேர்ந்து வேலை செய்யலாம் என்று வந்தார். அந்த அமர்விலிருந்து ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தவை இரண்டு: ஈனோவும் சேர்ந்து எழுதிய 'சிங்', அவர் கீபோர்டு வாசித்த 'ஹியர் ஷி கம்ஸ்'. ஈனோ தயாரித்த ஆல்பம் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. தயாரிப்பு குழுவே செய்தது, மிக்ஸ் செய்தவர் (தனித்தனிப் பதிவுகளைக் கலந்து சமன்செய்தவர்) எட் பல்லர்.

இதற்கு நடுவில் ஹால்ஸ்டெட்டும் காஸ்வெல்லும் காதலர்களாக இருந்து பிரிந்திருந்தார்கள். ஹால்ஸ்டெட் வேல்ஸ் பக்கம் ஒரு குடிலில் போய்த் தனியாக இருந்து, சில பாட்டுகளோடு திரும்பினார். 'டேகர்' அந்தக் காலத்தது. கிட்டத்தட்ட வெறும் அக்குஸ்டிக் கிதாரும் குரலும் மட்டும். ஒன்பது பாட்டு ரிவெர்ப்புக்குப் பிறகு அது அத்தனை பக்கத்தில் கேட்பதால்தான் அப்படிக் குத்துகிறது. பிரிந்த இருவரும் சேர்ந்தே பாடவேண்டிய நிலையில் உருவான ஆல்பம் என்று தெரிந்து கேட்டால், 'ஆலிசன்' பாட்டில் இரு குரலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள் வேறு மாதிரி ஒலிக்கும்.

பிரிட்டிஷ் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு: எதை வாங்குவது?

பிரிட்டிஷ் பதிப்பில் பத்துப் பாட்டு. 1994-ல் எஸ்பிகே நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பில் கூடுதலாக நான்கு. அவற்றில் லீ ஹேசல்வுட் எழுதிய 'சம் வெல்வெட் மார்னிங்' கேட்கவேண்டிய ஒன்று. ஆனால் 'டேகர்' முடிந்ததும் வேறு பாட்டு தொடங்குவது ஆல்பத்தின் முடிவைக் கெடுக்கிறது. அமெரிக்க சிடி கிடைத்தால் பத்தாவதோடு நிறுத்திவிட்டு, மற்றவற்றை இன்னொரு நாள் கேளுங்கள்.

வினைல் வேண்டுமானால் மியூசிக் ஆன் வினைல் நிறுவனத்தின் மறுபதிப்பே போதும். கிரியேஷனின் அசல் அச்சு சேகரிப்பாளர் விலைக்குப் போய் வெகுநாள் ஆகிறது.

1995-ல் ஏன் பிரிந்தார்கள்?

சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் பணமும் ஆதரவும் வற்றியதுதான் நடந்தது.

'சூவ்லாக்கி' பிரிட்டனில் 51-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் பாதியில் இருக்கும்போது எஸ்பிகே பணத்தை நிறுத்தியது, மீதியைக் குழுவே சமாளித்து முடித்தது. 1994-ல் ஸ்காட் விலகினார், இயன் மக்கட்சன் டிரம்ஸுக்கு வந்தார். அந்த ஆகஸ்டில் இதே கிரியேஷன் ஓயாசிஸின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்பாப் என்ற பிரிட்டிஷ் கிதார் பாப் அலை எழுந்தது. கிரியேஷன் இவர்களிடம் எதிர்பார்த்தது வானொலியில் ஓடக்கூடிய பாப் ஆல்பம். ஹால்ஸ்டெட்டின் காதோ அப்போது மின்னணு ஆம்பியன்ட் (தாளம் குறைந்து சூழல்போலப் பரவும் இசை) பக்கம் போயிருந்தது. சாம்ப்ளர் என்ற ஒலித்துண்டுக் கருவியில் வெட்டிச் சுழலவிட்ட கிதார்த் துண்டுகள், ஆங்காங்கே ஒரு குரல், நிறைய மௌனம். இப்படி ஒரு 'பிக்மேலியன்' 1995 பிப்ரவரியில் வந்தது. ஒரு வாரத்தில் கிரியேஷன் குழுவைக் கைவிட்டது.

இடையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஹால்ஸ்டெட், காஸ்வெல், மக்கட்சன் மூவரும் 4ஏடி நிறுவனத்தில் மொஹாவி 3 என்ற பெயரில் அதே ஆண்டே முதல் ஆல்பம் கொண்டுவந்தார்கள். ரிவெர்ப் குறைந்து, நாட்டுப்புறச் சாயல் கூடிய மெல்லிசை அது. 2006 வரை ஐந்து ஆல்பங்கள் வந்தன. 'டேகர்' பிடித்தவர்களுக்கு அதன் நேரான தொடர்ச்சி இங்கே இருக்கிறது. சாவில் மான்ஸ்டர் மூவி தொடங்கினார். ஸ்காட் ஆம்பியன்ட், களப்பதிவு (வெளியிடங்களில் பதிந்த ஒலிகள்) இசைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது அந்தப் பழக்கத்தையும் குழுவுக்குள் கொண்டுவந்தார், புதிய ஆல்பங்களில் அது தெரியும்.

யாரும் கேட்காத குழு எப்படி இவ்வளவு பெரியதாகத் திரும்பியது?

மெல்ல மெல்லச் சேர்ந்தது. 2002-ல் ஜெர்மனியின் மோர் மியூசிக் நிறுவனம், மின்னணுக் கலைஞர்கள் ஸ்லோடைவ் பாட்டுகளை வாசித்த ஒரு காணிக்கைத் தொகுப்பை வெளியிட்டது. 'பிக்மேலியன்' யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களை அது அப்போதுதான் எட்டியது என்றுகூடச் சொல்லலாம். 2004-ல் இயக்குநர் கிரெக் அராக்கி தன் 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' படத்தை இவர்களுடைய 'கோல்டன் ஹேர்' பாட்டோடு தொடங்கினார். (ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதை, அதற்கு இசையமைத்தவர் சிட் பாரெட்.) கோப்புப் பகிர்வுக் காலத்தில் பழைய விமர்சனங்களைப் படித்திராத பிள்ளைகள் பாட்டை மட்டும் கேட்டார்கள். அடுத்த தலைமுறை குறுங்காணொளிகள் வழியாக வந்து சேர்ந்தது.

2014 ஜனவரியில் மறுசேர்க்கை அறிவிப்பு வந்தது. பார்சலோனாவின் பிரிமாவேரா சவுண்ட் விழா அழைத்திருந்தது. அதற்கு முன் மே மாதம் லண்டன் வில்லேஜ் அண்டர்கிரவுண்டில் ஒரு முன்னோட்டக் கச்சேரி நடந்தது. 1995-க்குப் பிறகு அதுதான் முதல் மேடை.

திரும்பி வந்த பிறகு செய்தவை பழையதன் நகலா?

இல்லை. இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டியதில் முக்கியமானதே அதுதான் என்று நினைக்கிறோம். பழைய பாட்டை வாசித்துக் காசு பார்த்துவிட்டுப் போவது சுலபம். இவர்கள் மூன்றாண்டு சேர்ந்து வாசித்துக் கைபழகிய பிறகே ஆல்பத்துக்குப் போனார்கள்.

2017 மே மாதம் டெட் ஓஷன்ஸ் வெளியீடாக 'ஸ்லோடைவ்' வந்தது. எட்டே பாட்டு. பதிவின் ஒரு பகுதி முதல் ஆல்பம் எடுத்த அதே கோர்ட்யார்டு ஸ்டூடியோவில் நடந்தது, மிக்ஸ் கிறிஸ் கோடி. பட்டியலில் 16-ஆம் இடம். இதில் 'சுகர் ஃபார் த பில்' பாட்டைக் கவனியுங்கள். கிதார் ஒற்றை ஒற்றைச் சுரமாக வருகிறது, பேஸ்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. 1991-ல் இவர்கள் இவ்வளவு இடம் விட்டு வாசித்திருக்க மாட்டார்கள். முடிவில் வரும் 'ஃபாலிங் ஆஷஸ்' ஒரே பியானோ வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அது 'பிக்மேலியன்' விட்ட இடத்திலிருந்து எடுத்தது.

2023 செப்டம்பரில் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்'. ஹால்ஸ்டெட் மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனிப் பகுதிகளை இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணுக் கருவி) செய்த டெமோக்களிலிருந்து வளர்ந்தது. காஸ்வெல்லின் தாயும் ஸ்காட்டின் தந்தையும் 2020-ல் காலமானார்கள். ஆல்பம் அவர்களுக்குக் காணிக்கை. பட்டியலில் 6-ஆம் இடம் வந்தது, தொண்ணூறுகளில் எட்டாத இடம்.

அந்தக் கிதார் ஒலியை எப்படிக் கொண்டுவருவது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், எனவே விரிவாகவே சொல்கிறோம்.

ஹால்ஸ்டெட் அக்காலத்தில் நம்பியிருந்தது யமஹா எஃப்எக்ஸ்500 என்ற டிஜிட்டல் எஃபெக்ட் கருவி. அதில் 'சாஃப்ட் ஃபோகஸ்' என்ற அமைப்பு, நீண்ட ரிவெர்ப்போடு மெல்லிய கோரஸ் (அசல் ஒலியோடு சேரும், சற்றே சுருதி விலகிய பிரதிகள்) கலந்தது. பழைய கருவி வாங்கினால் உள்ளே இருக்கும் நினைவக பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் நீங்கள் சேமிப்பவை மின்சாரம் நின்றதும் அழிந்துபோகும். புதிதாக வேண்டுவோருக்கு கேட்டலின்பிரெட் நிறுவனம் அதே அமைப்பை ஒட்டி, அதே பெயரிலேயே ஒரு பெடல் செய்கிறது.

எந்தக் கருவியாக இருந்தாலும் வரிசை இதுதான்: கிதார், கம்ப்ரசர் (ஒலியளவைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ் (ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்குவது), கோரஸ், டிலே (எதிரொலி தருவது), ரிவெர்ப், பிறகு கிளீனாக, அதாவது கரகரப்பு இல்லாமல், வைத்த ஆம்ப்.

கோரஸில் ஆழத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு பிரதியை 8 முதல் 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலேயும் இன்னொன்றை அதே அளவு கீழேயும் விலக்கினால் போதும். அதைத் தாண்டினால் சுருதி தவறியதாகத்தான் கேட்கும்.

டிலே நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு கட்டுங்கள். 60,000-ஐ நிமிடத்துக்கான தாளத்தட்டுகளால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 100 தட்டு என்றால் 600. அதில் முக்கால், அதாவது 450, என்று வைத்தால் எதிரொலி தாளத்தின் இடுக்குகளில் விழும். ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) 30 முதல் 40 சதவீதம்.

ரிவெர்ப்பின் தேய்வு 5 முதல் 7 நொடி, முன்தாமதம் (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 மில்லிசெகண்ட் அளவில். ரிவெர்ப்பிலிருந்து வரும் ஒலியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், மேலே 6 கிலோஹெர்ட்ஸுக்குப் பிறகு தணியுங்கள். பலர் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

அத்தனையும் செய்தேன், சேறாகக் குழம்புகிறது. ஏன்?

பெரும்பாலும் கார்டுதான் காரணம். ஏழு நொடி தேயும் ரிவெர்ப்பில் இரண்டு நொடிக்கு ஒரு கார்டு மாற்றினால் மூன்று நான்கு கார்டுகள் ஒன்றாக ஒலிக்கும். எனவே அடுத்தடுத்த கார்டுகளுக்குப் பொதுவாக இரண்டு சுரம் இருக்கும்படி அமையுங்கள். உயர்சுரம் தரும் இரண்டு மெல்லிய தந்திகளை அழுத்தாமல் திறந்தபடி விட்டுவிட்டு, மற்றத் தந்திகளில் மட்டும் விரல்களை நகர்த்துவது எளிய வழி. தடித்த கீழ்த்தந்திகளில் முழு பார் கார்டு (ஒரு விரலை எல்லாத் தந்திகளிலும் குறுக்கே அழுத்திப் பிடிப்பது) வேண்டாம்.

அடுத்த சந்தேகம் பெடல் வரிசை மேல். ரிவெர்ப்புக்குப் பின்னால் ஃபஸ் (ஒலியை மிகவும் கரகரப்பாக்கும் பெடல்) வைத்தால் தேயும் வாலும் சேர்ந்து பெருத்துச் சுவராக நிற்கும். ஒரு பாட்டின் உச்சத்துக்கு அது நல்லது. பாட்டு முழுக்க அப்படி வைத்தால் கார்டு எதுவென்றே தெரியாது.

பேஸ் கிதாரில் ரிவெர்ப் போடாதீர்கள். சாப்ளின் வாசிப்பது பெரும்பாலும் எளிய, உலர்ந்த, அசையாத வரி. மேலே எல்லாம் மிதக்கும்போது கேட்பவருக்குக் கால் ஊன்ற இடம் அதுதான். இரண்டு மூன்று கிதார் இருந்தால் ஒருவர் கீழ் ஸ்தாயியில், ஒருவர் மேல் ஸ்தாயியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நன்றாக இருந்தது, மண்டபத்தில் மெலிந்துபோனது என்றால் அது ஸ்டீரியோ சிக்கல். பல மண்டபங்களில் ஒலிபெருக்கி மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாதது. இடமும் வலமும் விலக்கிய கோரஸ் அங்கே ஒன்றுசேரும்போது சில அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். கச்சேரிக்கு முன் மோனோவில் ஒருமுறை கேட்டு, மெலிந்தால் விலகலைக் குறையுங்கள்.

வரிகளே கேட்பதில்லையே, வேண்டுமென்றேவா?

வேண்டுமென்றேதான். குரலைக் கிதாருக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்த்தியோ வைத்து, ரிவெர்ப்புக்குள் பாதி இறக்கிவிடுகிறார்கள். இதையே நீங்கள் செய்யும்போது குரலை இரண்டுமுறை பாடிப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒலியளவைக் கூட்டாமலே குரல் துலங்கும். மெய்யெழுத்துகளை மென்மையாக உச்சரியுங்கள். 'ஸ்', 'ச்' ஒலிகள் ரிவெர்ப்பில் சீறும் என்பதால், அதற்குள் அனுப்பும் முன் டீஎஸ்ஸர் (சீறலைத் தணிக்கும் கருவி) போடுங்கள்.

நேரில் கேட்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

காதடைப்பான் கட்டாயம். பதிவில் மென்மையாகக் கேட்கும் பாட்டுகள் மேடையில் மிகவும் பலத்த ஒலியில் வரும். 'கோல்டன் ஹேர்' பதிவில் சிறியது. மேடையில் காஸ்வெல் பாடி முடித்ததும் கிதார்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போய் நீண்ட நேரம் நிற்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த, எல்லா அலைவரிசையையும் சமமாகத் தணிக்கும் 15 முதல் 20 டெசிபல் அடைப்பான் வாங்குங்கள். பஞ்சு அடைப்பான் மேல் ஒலிகளை மட்டும் விழுங்கிவிடும், எஞ்சுவது பேஸும் டிரம்ஸும்தான்.

நிற்கும் இடம் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மேடையின் விளிம்பில் நின்றால் உங்களுக்கு எதிரே இருக்கும் ஒருவருடைய ஆம்ப்தான் அதிகம் கேட்கும், குரல் வராது. மேசையருகில் ஐவர் வாசிப்பதும் சரியான அளவில் சேர்ந்து கேட்கும்.